மூன்று முறை திரும்பி வந்த ஹெல்மெட்

போன வாரம், நான் வேலை பார்த்த கடையிலிருந்து போன் வந்தது. இப்போது என் இடத்தில் நிற்கும் ரெஜினா பேசினாள். "எக்கா, இந்த வாய் தொறக்குத ஹெல்மெட்டு வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும் திருப்பிக் கொண்டு வருகாவ. ஆன்லைன்ல வாங்குனவனும் நம்ம கடையில வந்துதான் சண்டை போடுகான். உங்க காலத்துல ஒண்ணுகூட திரும்பி வந்ததில்லன்னு மொதலாளி சொல்லுகாரு. என்ன மந்திரம் போட்டிய?" என்றாள்.

முதலாளிக்கு வயதாகிவிட்டது, நல்லதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார். திரும்பி வரத்தான் செய்தது. அதுவும் ஒரே ஆளிடமிருந்து மூன்று முறை வந்தது. போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. வீட்டில் இருக்கிறவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் பூதப்பாண்டிக்காரி. முதலில் நாகர்கோவிலில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளைகள் ஸ்கூட்டர் ஓட்டத் தொடங்கியிருந்த காலம். ஹெல்மெட் கடைகளில் நின்றவர்கள் எல்லாம் ஆம்பிளைகள். பெண்களின் தலையைத் தொட்டு அளவெடுக்க அவர்களுக்கும் கூச்சம், இவர்களுக்கும் கூச்சம். கைக்கு அகப்பட்டதை மாட்டி, கண்ணாடியில் அழகு பார்த்துவிட்டு வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஞானமுத்து முதலாளி ஒருநாள் எங்கள் தையல் கடைக்கே வந்து, "அளவுநாடா பிடிக்கத் தெரிஞ்ச ஒரு பொம்பளை ஆளு வேணும்" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். வேலை பழக ஒரு மழைக்காலம் போதுமாயிருந்தது. இடுப்பை அளப்பதைவிடத் தலையை அளப்பது சுலபம். தலை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏமாற்றாது.

முதலாளி ஒல்லியான மனிதர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அலமாரியில் சைஸ் தேடும்போது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடிய பாட்டை மூக்குக்குள்ளேயே முனகுவார். முனகல் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. வந்தவர் தலையில் ஹெல்மெட் ஏறியதும் முனகல் நின்றுவிட்டால், அது அந்தத் தலைக்கு ஆகாது என்று அர்த்தம். பேசாமல் கழற்றி வாங்கி, "இது உங்களுக்குள்ளது இல்ல" என்று மேல்தட்டில் வைத்துவிடுவார். கலர் பிடித்திருக்கிறது, இதுதான் வேண்டும் என்று எவ்வளவு மன்றாடினாலும் நடக்காது. பெண் கொடுக்கப் பிடிக்காத தகப்பன்போல அலமாரியை மறைத்துக்கொண்டு நிற்பார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. நாடா புருவத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி, பின்மண்டை எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அதன்மேல் சுற்றி வர வேண்டும். பிறகு ஆளை உட்காரவைத்துத் தலையை மேலிருந்து பார்க்க வேண்டும். சிலருக்குத் தேங்காய்போல நீளம், சிலருக்குப் பனங்காய்போல உருண்டை. நாடாவில் ஒரே அளவு வந்தாலும் ஒரே ஹெல்மெட் இரண்டு பேருக்கும் சேராது. போட்டபின் இரண்டு கன்னமும் அமுங்க வேண்டும். பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் முகத்தோலும் கூடவே இழுபட வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் அது பெரிது. வாரைப் பூட்டிவிட்டு, பின்னாலிருந்து மேலே உருட்டித் தள்ளிப் பார்ப்பேன். கழன்று முன்னால் வந்துவிட்டால் அடுத்த சைஸுக்குப் போக வேண்டியதுதான். "தொளதொளன்னு ஒண்ணப் போட்டுட்டு ஆரல்வாய்மொழிக் காத்துல போனா, தல ஒரு பக்கம் போவும், ஹெல்மெட்டு ஒரு பக்கம் போவும்" என்பார் முதலாளி.

இவ்வளவும் எல்லா நல்ல கடையிலும் செய்வதுதான். இதற்குமேல் வந்தது எங்கள் முதலாளியின் சொந்தச் சரக்கு. எதிர்க்கடையில் ஒரு சாயா சொல்வார். சாயா வந்து, குடித்து முடிகிற நேரம்வரை ஹெல்மெட் தலையிலேயே இருக்க வேண்டும். கழற்றியதும் நெற்றியைப் பார்ப்பார். நெற்றி முழுக்க லேசாகச் சிவந்திருந்தால் சரி. ஒரே இடத்தில் அழுத்தமாகத் தடம் விழுந்திருந்தால், அரைமணி நேரம் ஓட்டினாலே தலைவலி வரும், வேறு பார்க்க வேண்டும். முகம் முழுவதும் மூடுகிற ஹெல்மெட் போட்டவர்கள் பாவம், ஆவி பறக்கும் சாயாவைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால்தான் மாடுலர் ஹெல்மெட் வந்தபோது கடையிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் முதலாளி. தாடையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கித் தூக்கினால் தாடைப்பகுதி அப்படியே நெற்றிக்குமேல் போய்விடும், முகம் வெளியே வந்துவிடும். "பிள்ளே, இதப் போட்டுட்டுச் சாயாவும் குடிக்கலாம்!" என்று சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். அன்றே ஒரு டப்பா நேந்திரங்காய் சிப்ஸ், எங்கள் ஊர் உப்பேரி, வாங்கி மேசைமேல் வைத்தார். தாடையைத் தூக்கி உப்பேரியை வாயில் போட வேண்டும், தாடையை மூடிவிட்டு மெல்ல வேண்டும். கன்னத்தைப் பல் கடித்துவிட்டால் கன்னப்பஞ்சு தடிமன். கன்னத்தில் ஒன்றுமே படாமல் சுகமாக மென்றால் ஹெல்மெட் பெரிது. பல்லில் கன்னம் பட்டும் படாமலும் இருப்பதுதான் அளவு. புதுப்பஞ்சு போகப்போக அமுங்கும், அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் நெருக்கமாகவே கொடுக்க வேண்டும். உப்பேரிக்காகவே ஹெல்மெட் பார்க்க வந்த கூட்டமும் உண்டு. முதலாளிக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

புதிதாக வண்டி எடுத்தவர்கள் செய்யும் கூத்துக்கு அளவே இல்லை. கல்லூரியில் படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா, நான் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "இதுக்கு அடுத்த சைஸ் குடுங்க. வளருத பிள்ளையாக்கும்" என்றாள். பையனுக்கு மீசையெல்லாம் முளைத்து முற்றிவிட்டது. முதலாளி முனகலை நிறுத்தினார். "அம்மா, மண்டை இனி வளராது. உள்ள இருக்கதுதான் வளரணும்" என்றார். பையன் என்னைப் பார்த்தான், நான் உப்பேரி டப்பாவைப் பார்த்தேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த கடைக்குத்தான் லூர்தம்மாள் வந்தாள்.

கடியப்பட்டணத்துக்காரி. ஐம்பது வயதுக்குக் குறையாது. அவள் என்னை எக்கா என்றாள், நான் அவளை எக்கா என்றேன். யார் மூப்பு என்பது இன்றுவரை முடிவாகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கடற்கரையில் மீன் ஏலமெடுத்து, தலையில் சுமந்து, மண்டைக்காடு தாண்டி உள்ளே இருக்கிற தெருக்களில் விற்கிறவள். இப்போது கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்றும், இனித் தலையில் ஒரு சொம்புகூட வைக்கக்கூடாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் இருக்கிற மகன் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தான். எட்டு போட்டு லைசென்சும் எடுத்தாயிற்று. ஆனால் மகன் ஒரு கண்டிஷன் வைத்திருந்தான். அவனுடைய கூட்டாளி ஒருவன் பாதி ஹெல்மெட் போட்டு விழுந்து தாடை உடைந்து கிடந்தானாம். அதனால் தாடையையும் மூடுகிற ஹெல்மெட் போட்டால்தான் அம்மா கையில் சாவி. சாவியை மருமகள் ஜெனியிடம் ஒப்படைத்திருந்தான்.

"தாடைய மூடுனா நான் எப்பிடிக்கா விளிப்பேன்?" என்று கேட்டாள் லூர்தக்கா. விளிப்பது என்றால் தெருமுனையில் நின்று மீன் வந்திருக்கிறது என்று கூவுவது. "ஒரு ஹெல்மெட்டு போட்டுப் பாத்தேன். உள்ளேருந்து விளிச்சா எனக்க காதுதான் அடைக்கு, வெளிய ஒருத்திக்கும் கேக்கல்ல. இப்ப ஒரு வேன்காரன் வேற ஸ்பீக்கரக் கெட்டிக்கிட்டு எனக்க தெருவுக்குள்ள வந்துட்டான். வேற யாருக்கோ சத்தத்தப் புடிச்சு வச்சுக்கிட்டு அதயே திருப்பித் திருப்பிப் போடுகான். நான் இன்னும் கொஞ்ச நாளு போவல்லன்னா, அவ்வளவுதான். ஆளுக அவன்ட்ட பழகிருவாவ."

சொல்லும்போது அவள் கழுத்து அசையவில்லை. என்னைப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்பினாள். இத்தனை வருடம் சுமை தூக்கிய பழக்கம்.

மாடுலர் ஹெல்மெட்டை எடுத்துக் காட்டினேன். பொத்தானை அமுக்கித் தாடையைத் தூக்கியதும் அவள் கண் விரிந்தது. "எனக்க மாதாவே! வாய் தொறக்கே!" என்றாள். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தொண்டையைக் கேட்டபின்தான், அதை மூடிவைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்குப் புரிந்தது.

அவள் கொண்டையைப் பிரித்துத் தாழ்த்திக் கட்டிவிட்டு அளவெடுத்தேன். உச்சந்தலையில் முடி தேய்ந்து, கொஞ்சம் தட்டையாக இருந்தது. விரல் வைத்து, நோகிறதா என்று கேட்டேன். "அது கடவம் இருந்த எடமாக்கும். நோவெல்லாம் எப்பமோ போச்சு" என்றாள். மீன்கூடையைத்தான் அவர்கள் கடவம் என்பார்கள். நாடா சொன்ன சைஸை எடுத்து நானே அவள் தலையில் வைத்தேன். திருப்பிப் பார்த்தேன், தோல் கூடவே வந்தது. பின்னாலிருந்து உருட்டினேன், கழலவில்லை. சாயா குடித்தாள். உப்பேரி நாலைந்து தின்றாள், கன்னத்தைக் கடிக்கவில்லை. நெற்றியும் சுத்தமாக இருந்தது. முதலாளி ஒரு பாட்டை முழுசாக முனகி முடித்தார். ஓட்டும்போது எப்போதும் தாடை மூடியிருக்க வேண்டும், வண்டியை நிறுத்தி, காலை ஊன்றியபின்தான் தூக்க வேண்டும், மூடும்போது இரண்டு பக்கமும் பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாளே வந்துவிட்டாள். "எக்கா, இது ஆடுகு. உச்சியில வேற இடிக்கி. மேல தூக்கிக்கிட்டு நிக்கி" என்றாள். வாங்கி அவள் தலையில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. முதலாளி வந்து பார்த்தார், அவருக்கும் குறை தெரியவில்லை. சரி, உள்ளே உச்சியில் ஆழம் கூடுதலாக உள்ள வேறொன்றைக் கொடுப்போம் என்று மாற்றிக் கொடுத்தோம்.

அதுவும் திரும்பி வந்தது. கண்ணுக்குமேல் பாதி நெற்றி தெரிகிறதாம், முகக்கண்ணாடியை இறக்கினால் மூக்கில் வந்து நிற்கிறதாம். கடையில் போட்டால் புருவத்தின்மேல் அளவெடுத்ததுபோல உட்காருகிறது! முதலாளி அவள் தலையைத் தேங்காய் வாங்க வந்தவர்போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முனகலே இல்லை. கடைசியில் நாடா சொன்னதற்கு மேலே ஒரு சைஸ் எடுத்துக் கொடுத்தார். நாடாவை மீறி அவர் கொடுத்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை.

மூன்றாவது முறை ஜெனியும் கூட வந்தாள். "வீட்டுல போட்டா ஒரு மாதிரி, இங்க போட்டா ஒரு மாதிரி. ஹெல்மெட்டு நல்லாத்தான் இருக்கு. எங்க அத்தைக்கத் தலதான் ஊருக்கு ஊரு மாறுகு" என்றாள். நான் சிரித்தேன். லூர்தக்கா சிரிக்கவில்லை. முதலாளி மெதுவாக, "அம்மா, ஆட்டம் காட்டுத ஹெல்மெட்ட நான் உங்களுக்கு விக்க மாட்டேன். இது போடாம இருக்கதவிட மோசம். ரூவாயத் திருப்பி வாங்கிக்கிடுங்க" என்றார்.

லூர்தக்கா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டாள். "அப்ப இனி நான் விளிக்காண்டாமா?" என்று கேட்டாள்.

முதலாளியிடம்தான் கேட்டாள். ஆனால் எனக்குத்தான் நெஞ்சில் தைத்தது. "நான் நாளைக்கு அங்க போயிப் பாக்கேன் மொதலாளி. கடையில தெரியாத என்னமோ ஒண்ணு அங்க இருக்கு" என்றேன். கடையில் ஆள் குறைவு, மறுநாள் சனிக்கிழமை வேறு. அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அலமாரியைத் திறந்து, முதலில் கொடுத்துத் திரும்பி வந்த ஹெல்மெட்டை எடுத்து என் கையில் வைத்தார். "இதையும் கொண்டு போ பிள்ளே. நாடா பொய் சொல்லாது. நான்தான் பாதியில அத நம்பாமப் போயிட்டேன்" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் என் மடியில் அந்த ஹெல்மெட், அதன்மேல் பெரிய சைஸ் ஹெல்மெட், லூர்தக்கா வண்டியின் பின்சீட்டில் உட்கார எனக்கு ஒன்று. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "எக்கா, ராவணன் வீட்டுக்கா போறிய?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய!

நான் போய்ச் சேர்ந்தபோது லூர்தக்கா ஏலம் முடித்து வந்திருந்தாள். மீன்பெட்டியை வண்டியின் முன்பக்கம் கால்வைக்கும் இடத்தில் கட்டியிருந்தாள். மேலே ஐஸ், உள்ளே சாளையும் அயிலையும். பெரிய ஹெல்மெட்டை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டு, "நீங்க எப்பவும்போலக் கெளம்புங்க. நான் சும்மா பாத்துக்கிட்டு நிக்குகேன்" என்று வாசலில் ஒதுங்கி நின்றேன்.

அவள் ஜெனியிடம் சாளை விலை ஏறிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டே கொடியிலிருந்து ஒரு பழைய துண்டை உருவினாள். பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. கை துண்டை முறுக்கியது, வளையமாகச் சுற்றியது, உச்சந்தலையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டியது. அதன்மேல் ஹெல்மெட்டை எடுத்துக் கவிழ்த்தாள். வாரைப் பூட்டிக்கொண்டு, "பாத்தியளா எக்கா, இடிக்கி" என்றாள்.

நான் வாசலிலிருந்து அவள் கிட்டே போனேன்.

"எக்கா, தலையில என்ன?" என்று கேட்டேன்.

"ஹெல்மெட்டு."

"அதுக்கு அடியில?"

"தல."

"ரெண்டுக்கும் நடுவுல?"

லூர்தக்கா வாரை அவிழ்த்து ஹெல்மெட்டைத் தூக்கினாள். கை உச்சிக்குப் போனது. அங்கே சும்மாடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கூடைக்கு அடியில் வைக்கிற அதே துணிவளையம். எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து, யாரோ வைத்துவிட்டுப் போனதைப்போலப் பார்த்தாள். "இத யாருட்டி வச்சா?" என்று ஜெனியைக் கேட்டாள்.

ஜெனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. "அத்தே, நானும் நாலு நாளா பாத்துக்கிட்டுதானே இருக்கேன்! கல்யாணம் ஆயி வந்த அண்ணைலேருந்து உங்க தலையில அது இருக்கு. இல்லாம இருந்தாத்தான் எனக்குக் கண்ணுல பட்டிருக்கும்" என்றாள். லூர்தக்காவும் சிரிக்கத் தொடங்கினாள். அடுத்த வீட்டுக்காரி வந்து என்ன என்று கேட்டாள். சொன்னதும் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா சும்மாடு இல்லாம தலையில எப்பிடிட்டி ஒண்ண வைக்கது?" என்று உண்மையாகவே கேட்டாள். அதற்கு இன்னொரு சுற்றுச் சிரிப்பு.

ரெஜினா, நீ கேட்ட மந்திரம் இதுதான். கடையில் ஒவ்வொரு தடவையும் ஹெல்மெட்டை அவள் தலையில் வைத்தது என் கை. வீட்டில் வைத்தது அவள் கை. அன்றிலிருந்து நான் அளவெடுத்து எடுத்துக் கொடுத்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். அவர்களே போடட்டும், அவர்களே வாரைப் பூட்டட்டும், அவர்களே கழற்றட்டும். ஒருத்தி தலை நிறையப் பூவோடு போடுவாள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே இடித்து இறக்குவார். ஒருவர் துண்டைக் கட்டி அதன்மேல் கவிழ்ப்பார். எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வாடிக்கையாளருக்கு நாமே மாட்டிவிடுவது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அந்த மரியாதைதான் எங்கள் கண்ணை மறைத்தது.

முதல் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன். லூர்தக்கா சும்மாட்டை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விட்டால் தானாகப் போய் உட்கார்ந்துவிடும் என்று பயந்தவள்போல, வலது கையால் ஹெல்மெட்டைப் போட்டாள். புருவத்தின்மேல் வந்து நின்றது. தலையை ஆட்டச் சொன்னேன். உடம்போடு ஆடினாள். "உடம்ப விடுங்க, தலைய மட்டும்" என்றேன். இத்தனை வருடம் பூட்டிக்கிடந்த கழுத்து மெல்ல இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பியது. ஹெல்மெட் கூடவே திரும்பியது, துளி ஆட்டம் இல்லை. "கொள்ளாமே!" என்றாள். ஜெனி எழுந்து வந்து சாவியைக் கையில் கொடுத்தாள்.

என் ஹெல்மெட்டைப் பூட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன். அந்தப் பயணத்தைப்பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வளைவில் அவள் முதலில் உடம்போடு திரும்பினாள், வண்டியும் கூடவே தென்னந்தோப்புக்குள் போகப் பார்த்தது. "தலைய மட்டும் எக்கா, தலைய மட்டும்!" என்று மணவாளக்குறிச்சி தாண்டும்வரை நான் பின்னாலிருந்து கத்திக்கொண்டே போனேன். அதற்குள் அவளுக்குக் கழுத்து பழகிவிட்டது. என் கத்தல் மட்டும் நிற்கவில்லை. மண்டைக்காடு கோயில் வழியைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, "அம்மனுக்குக் கொடைத் திருவிழா நடக்குத நாளுல மட்டும் இந்தப் பக்கம் மீன் விளிக்க மாட்டேன்" என்றாள்.

முதல் தெருவின் முனையில் வண்டியை நிறுத்தினாள். காலை ஊன்றினாள். பெட்டியின் கட்டை அவிழ்த்துக்கொண்டே, "எக்கா, எனக்கக் கை சோலியா இருக்கு. நீங்க ஒரு சத்தம் குடுங்க" என்றாள். நான் எத்தனை வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவள்! என் சத்தம் மேசையைத் தாண்டிப் போனதில்லை. இருந்தாலும் துணிந்து, "மீனு!" என்றேன். தாடையைத் தூக்க மறந்துவிட்டேன். சத்தம் எனக்குள்ளேயே சுற்றி வந்து என் காதை அறைந்தது. தூக்கிவிட்டு இன்னொரு தடவை, "மீனுங்க..." என்றேன். மதில்மேல் படுத்திருந்த பூனை மட்டும் எழுந்து பார்த்தது.

தெருவின் நடுவில் அந்த வேன் நின்றுகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் யாரோ ஒருவன் சாளை, அயிலை, சூரை என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தான். பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி அங்கே மீன் வாங்கிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். லூர்தக்கா அதைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. நாங்கள் தாமதித்துவிட்டோமோ என்று நானும் நினைத்தேன்.

லூர்தக்கா இறங்கி நேராக நின்றாள். கட்டைவிரலால் பொத்தானை அமுக்கித் தாடையைத் தூக்கினாள். மூச்சை இழுத்தாள்.

"மீனேய்... சாளேய்... அயிலேய்..."

என்ன தொண்டை அது! பக்கத்தில் நின்ற எனக்கு ஹெல்மெட்டுக்குள் ரீங்காரம் கேட்டது. ஸ்பீக்கர்காரனின் அயிலை பாதியிலேயே அமுங்கிப்போயிற்று. இரண்டாவது தடவை விளித்து முடிப்பதற்குள் ஒரு வீட்டுக்குள்ளிருந்து, "ஏட்டி, லூர்து வந்துட்டா! சட்டிய எடு!" என்று குரல் வந்தது. ஒரு கதவு திறந்தது, எதிரே இன்னொன்று. "எங்கட்டி போயிருந்தே? உனக்கச் சத்தம் இல்லாம நாங்க எத்தன நாளா ரசம் குடிச்சுக் கெடக்கோம்" என்று ஒரு வயசான அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். வந்தவள் நின்று, தலையிலிருந்து கால்வரை பார்த்து, "இது என்ன வேஷம்?" என்றாள். லூர்தக்கா பெருமையாகத் தாடையை ஒருமுறை மூடித் திறந்து காட்டினாள். அதைப் பார்ப்பதற்காகவே இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வருடம் ஹெல்மெட் விற்றிருக்கிறேன், விற்றது வெளியே போய் என்ன செய்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

வேனில் மீன் வாங்கிய பச்சைச் சேலைக்காரி திரும்பி வரும்போது எங்களைக் கண்டுவிட்டாள். சட்டியைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்து, மதில் ஓரமாக ஒதுங்கிப் போகப் பார்த்தாள்.

"எதுக்குட்டி மறைக்கே?" என்றாள் லூர்தக்கா, அவளுக்குக் கேட்கும்படி, தெருவுக்கே கேட்கும்படி. "வாங்குனத வச்சுத் தின்னு, மீன்ல என்ன பாவம் இருக்கு? நாளைக்கு நான் விளிச்ச பொறவு அடுப்பப் பத்த வச்சாப் போதும்."

அவள் முந்தானையை விலக்கிச் சிரித்துவிட்டு வீட்டுக்குள் போனாள். லூர்தக்கா பெட்டியை மூடி வண்டியில் ஏறினாள். நானும் ஏறினேன். அவள் தாடையை இறக்கினாள். இரண்டு பக்கமும் பூட்டு விழுந்தது. நாங்கள் அடுத்த தெருவுக்குப் போனோம்.